குற்றப்படங்களில் வரும் துப்பாக்கிகளை இனங்காண்பது எப்படி? புதியவர்களுக்கான வழிகாட்டி

"ரி-56 ரகத் துப்பாக்கி", "9 மில்லிமீற்றர் ரகக் கைத்துப்பாக்கி", "ரிவோல்வர் ரகத் துப்பாக்கி" என்ற சொற்றொடர்களைக் கொழும்பில் வெளியாகும் தமிழ் நாளிதழ்களில் நாம் எல்லோரும் வாசித்துப் பழகியிருக்கிறோம். 'ரகம்' என்ற அந்த ஒரு சொல்லுக்குள் துப்பாக்கியின் நீளம், குழலின் விட்டம், இயங்கும் முறை, தயாரித்த நாடு ஆகிய யாவும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. செய்திக்கு அது போதும். குற்றப்படம் ஒன்றைப் பற்றி எழுத விரும்புபவருக்கும், அதற்குத் தமிழில் உபதலைப்பு எழுதுபவருக்கும், 1970களில் நடப்பதாகச் சொல்லப்படும் கதையில் கதாநாயகனின் கையில் இருப்பது அந்தக் காலத்துக்கு உரிய ஆயுதந்தானா என்று அறிய விரும்பும் இரசிகருக்கும் அது போதாது. அவர்களுக்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். துப்பாக்கியைத் தொட்டுப் பழகியவர்களுக்கு உரியதன்று இது. திரையில் மட்டும் பார்ப்பவர்களுக்கு உரியது.

தொடங்குவதற்கு முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் வயதுக்காரர்கள் பலர், துப்பாக்கிகளைத் தங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வெள்ளவத்தையில் காலி வீதியோரத்துச் சோதனைச் சாவடிகளில் பஸ்ஸிலிருந்து இறங்கி வரிசையில் நின்று, அடையாள அட்டையை நீட்டிய காலத்தில், என் முழங்கைக்கு ஒரு முழ தூரத்தில் ரி-56 தொங்கியது. அதை நூறு தடவைக்கு மேல் கண்டிருப்பேன். ஆனால், பல ஆண்டுகளின் பின் அதன் முன்பக்கம் எப்படி இருந்தது என்று நினைவிலிருந்து வரைய முயன்றபோது, வளைந்த ரவைக்கூட்டைத் தவிர வேறொன்றும் வரவில்லை. அந்த நேரத்தில் என் கண்கள் அட்டையிலும் எதிரே நின்றவரின் சப்பாத்திலும் இருந்தன. பயத்தோடு கண்ட பொருள் நினைவில் தங்கும். அதன் உறுப்புகள் தங்குவதில்லை. எனவே, தெரியும் என்ற எண்ணத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, முதன்முறையாகப் பார்ப்பவர் போலத் தொடங்குவதே நல்லது.

முதலில் சொற்கள்

உறுப்புகளுக்குப் பெயர் தெரியாவிட்டால் கண் எங்கே நிற்க வேண்டும் என்பதும் தெரியாது. ரவை வெளியேறும் நீண்ட குழாய் குழல். விரல் இழுக்கும் உறுப்பு விசை; அதைச் சுற்றியுள்ள வளையம் விசைக் காப்பு. பின்புறத்தில் மேலெழுந்து நின்று, விசையை இழுத்ததும் முன்னே விழுந்து அடிக்கும் சிறிய உறுப்பு சுத்தியல். ரவைகளை அடுக்கிச் செருகும் பெட்டி ரவைக்கூடு. பிஸ்டலின் மேற்பகுதியில் ஒவ்வொரு வேட்டுக்கும் பின்னே ஓடித் திரும்பும் இரும்புப் பகுதியை ஸ்லைட் என்றே எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். அதற்குக் கீழே கைப்பிடியோடு சேர்ந்திருப்பது உடற்பகுதி. சுட்ட பின் வெளியே தெறிக்கும் வெற்று உறை ரவைக்கோது. நீளத் துப்பாக்கியில் தோளில் அணைக்கும் பகுதி பிடங்கு. இந்த ஒன்பது சொற்களுக்குள் பெரும்பாலான வேலை முடிந்துவிடும்.

ஊர் வழக்கில் இவை எல்லாவற்றுக்கும் 'துவக்கு' என்ற ஒரே சொல் போதுமாக இருக்கிறது. பேச்சில் அதை விட வேண்டியதில்லை. குறிப்பு எழுதும்போது மட்டும் ரிவோல்வர், பிஸ்டல், ரைபிள், சொட்கன் (பெரும்பாலும் சிறு குண்டுகள் பலவற்றை ஒருசேரச் சுடும் நீளத் துப்பாக்கி), உப இயந்திரத் துப்பாக்கி (பிஸ்டல் ரவைகளைத் தொடர்ந்து சுடுவது) என ஐந்து கூறுகளாகப் பிரித்து எழுதிப் பழகுங்கள்.

படத்தை நிறுத்திப் பார்த்தல்

சாதாரணத் திரைப்படத்தில் ஒரு விநாடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடுகின்றன. துப்பாக்கியை இடுப்பிலிருந்து உருவும் காட்சி ஒரு விநாடியில் முடிந்தால், உங்கள் கையில் 24 படங்கள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு அல்லது மூன்று மட்டுமே மங்கலின்றி இருக்கும். அவற்றைத் தேடிப் பிடிப்பதுதான் முதல் வேலை. விஎல்சி மென்பொருளில் ஆங்கில 'ஈ' எழுத்து விசையை அழுத்தினால் படம் ஒவ்வொரு சட்டமாக நகரும். யூடியூப்பில் படத்தை நிறுத்திவிட்டு முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் ஒரு சட்டம் முன்னேயும், காற்புள்ளி விசையை அழுத்தினால் ஒரு சட்டம் பின்னேயும் செல்லலாம்.

நல்ல பிரதியில் பாருங்கள். திருட்டுப் பிரதியில் ஸ்லைட்டும் உடற்பகுதியும் ஒரே கறுப்புத் திட்டாகத் தெரியும். அதை வைத்துச் சொல்லப்படும் எந்தப் பெயரும் ஊகமே. துப்பாக்கி மிக நன்றாகத் தெரியும் இடம் பெரும்பாலும் சண்டைக் காட்சியில் இருப்பதில்லை. மேசையில் வைப்பது, துடைப்பது, ரவைக்கூட்டைச் செருகுவது, இன்னொருவருக்குக் கைமாற்றுவது போன்ற அமைதியான காட்சிகளில்தான் இருக்கும். ஆகவே படத்தை ஒரு முறை முழுதாகப் பார்த்து, அப்படிப்பட்ட இடங்களின் நேரத்தைக் குறித்துக்கொண்ட பின்னரே சட்டம் சட்டமாகப் பார்க்கத் தொடங்குங்கள்.

இடமும் வலமும் மாறியிருக்கிறதா என்பதையும் அப்போதே சோதியுங்கள். தொகுப்பில் சில காட்சிகளைக் கண்ணாடி பிம்பம் போலத் திருப்பிவிடுவதுண்டு. பெரும்பாலான பிஸ்டல்களில் ரவைக்கோது வெளியேறும் வாய் வலப்பக்கம் இருக்கும். அது இடப்பக்கம் தெரிந்தால், பின்னணியில் உள்ள பெயர்ப்பலகை எழுத்தையும் சட்டைப் பொத்தானையும் பாருங்கள். இந்தப் பழக்கத்தை வளர்க்க விரும்புபவர்கள் கொழும்பு தேசிய நூதனசாலைக்கு ஒரு தடவை போய்வரலாம். கண்டிக் காலத்துச் சிங்களத் துப்பாக்கிகளில் வெடிப்பொறி அமைப்பு இடப்பக்கத்தில் இருப்பது வழக்கம்; ஐரோப்பியத் துப்பாக்கிகளில் அது வலப்பக்கம். அதோடு சிங்களத் துப்பாக்கியின் சுருண்டு பிளவுபட்ட பிடங்கும் வேறெங்கும் காணாத ஒன்று. எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்ற ஒரே கேள்வியால் ஒரு நாட்டின் கைவேலையை இன்னொரு நாட்டின் கைவேலையிலிருந்து பிரித்துவிடலாம் என்பதை அங்கே கண்ணெதிரே காணலாம்.

ரிவோல்வர்

நடுவில் சுழலும் உருளை இருந்தால் அது ரிவோல்வர். இதில் ஐயம் எழாது. பார்க்க வேண்டியவை மூன்று: உருளை எப்படித் திறக்கிறது, உருளையில் எத்தனை அறைகள் இருக்கின்றன, குழலுக்கு அடியில் என்ன இருக்கிறது.

துப்பாக்கியே முன்பக்கக் கீலில் முறிவது போலத் திறந்து, உருளையின் பின்புறம் மேலே தெரிந்தால், பிரித்தானிய வெப்ளி அல்லது என்பீல்ட் குடும்பத்தை நினையுங்கள். குடியேற்றவாதக் காலக் கதைகளில் வெள்ளைக்காரத் துரையின் இடுப்பில் இருக்க வேண்டியது இதுவே. உருளை இடப்பக்கமாக வெளியே சாய்ந்தால், பெரும்பாலும் அமெரிக்க வழி வந்தது. அங்கே கோல்ட், ஸ்மித் அன்ட் வெசன் என்ற இரு பெயர்களுக்கு இடையே தெரிவு செய்ய வேண்டிவரும்.

தூரத்திலிருந்து பார்த்தால் இவ்விரண்டும் ஒன்றே போலிருக்கும். கிட்டத்தில் பார்த்தால் வேறுபாடு தெளிவு. குழலுக்குக் கீழே, சுட்ட கோதுகளைத் தள்ளுவதற்காக ஒரு மெல்லிய தண்டு இருக்கும். ஸ்மித் அன்ட் வெசனில் அந்தத் தண்டின் முன்முனை, குழலின் அடியிலுள்ள ஒரு சிறிய திமிலில் போய்ப் பொருந்தி நிற்கும். பழைய கோல்ட்களில் அது முன்முனை பற்றில்லாமல் அந்தரத்தில் தொங்கும். உருளையைத் திறக்கப் பெருவிரல் தொடும் பொத்தான் ஸ்மித் அன்ட் வெசனில் முன்னே தள்ளப்படும். கோல்ட்டில் பின்னே இழுக்கப்படும். சுத்தியலை நிமிர்த்தும் காட்சி கிடைத்தால் உருளை சுற்றும் திசையையும் பாருங்கள்: சுடுபவரின் பார்வையில் கோல்ட் கடிகார முள்ளின் திசையிலும், ஸ்மித் அன்ட் வெசன் அதற்கு எதிராகவும் சுற்றும்.

குற்றப்படத் துப்பறிவாளர்களுக்கும் இடைத்தரகர்களுக்கும் வழக்கமாகக் கொடுக்கப்படும் குட்டைக்குழல் ரிவோல்வர்களில் இந்த நுணுக்கம் பெரிதும் உதவும். 1927 ஆம் ஆண்டில் வந்த கோல்ட் டிடெக்டிவ் ஸ்பெஷலில் 6 அறைகள். 1950 ஆம் ஆண்டில் வந்த ஸ்மித் அன்ட் வெசன் 36 இல் 5 அறைகள். திறந்த உருளையை ஒரு சட்டத்தில் பிடித்துவிட்டால் எண்ணிக்கையே விடையைச் சொல்லிவிடும்.

கொழும்பில் இருக்கும் நாம் இன்னொன்றையும் மறக்கக்கூடாது. எல்லாத் துப்பாக்கிக்கும் மாதிரிப் பெயர் இருப்பதில்லை. இங்கே 'கல்கட்டாஸ்' என்றும், வட இந்தியாவில் 'கட்டா' என்றும் சொல்லப்படுபவை பட்டறையில் ஒவ்வொன்றாகச் செய்யப்பட்டவை. தெருவோரக் குற்றங்களைக் காட்டும் படங்களில் இவை வரும்போது, வெளிநாட்டு மாதிரி ஒன்றின் பெயரை வலிந்து ஒட்டாமல், 'உள்ளூர்க் கைவேலை' என்று எழுதுவதே சரி.

பிஸ்டல்

இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். எனவே சற்று நேரம் நின்று பார்ப்போம். முதலாவது கேள்வி: வெளியே சுத்தியல் தெரிகிறதா? தெரியாவிட்டால், ஸ்லைட் சதுரமாக இருந்தால், விசையின் நடுவே இன்னொரு சிறிய தகடு தெரிந்தால், நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் குளொக் அல்லது அதைப் பின்பற்றியவற்றுள் ஒன்று. குளொக் 17 ஐ ஒஸ்திரிய இராணுவம் 1982 ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. ஆகவே 1970களின் கதையில் அது வந்தால், அது படக்குழுவின் தவறு. கைப்பிடியின் முன்புறத்தில் விரல்களுக்கான பள்ளங்கள் இருந்தால் மூன்றாம் அல்லது நான்காம் தலைமுறை. இல்லாவிட்டால் அவற்றுக்கு முந்தியது அல்லது ஐந்தாம் தலைமுறை. குளொக் 17 க்கும் அதைவிடச் சிறிய 19 க்கும் உள்ள வேறுபாட்டை நடிகரின் கையளவை வைத்து முடிவு செய்யாதீர்கள். கைகள் பலவிதம்.

சுத்தியல் தெரிந்தால், கைப்பிடியின் பின்புறத்தை, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே உள்ளங்கை அணையும் இடத்தைப் பாருங்கள். அங்கே உள்ளே அமுங்கும் ஒரு தனித்தகடு இருந்து, விசை நேராகப் பின்னே நழுவுவதாக இருந்தால், அது அமெரிக்க இராணுவம் 1911 ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட கோல்ட் 1911 இன் குடும்பம். அதே உருவம், ஆனால் அந்தத் தகடு மட்டும் இல்லை என்றால் ஸ்பானியத் தயாரிப்பான ஸ்டார் பி ஆக இருக்கலாம்; படப்பிடிப்பில் சுடும், குண்டில்லாத .45 அங்குல வெற்று வேட்டைவிட 9 மில்லிமீற்றர் வெற்று வேட்டு நம்பகமாக இயங்கியதால், பழைய படங்கள் சிலவற்றில் 1911 க்குப் பதிலாக ஸ்டாரைக் கொடுத்தார்கள். தகடும் இல்லை, விசை வளைந்து கீலில் ஆடுகிறது, கைப்பிடி சற்றுத் தடித்திருக்கிறது என்றால் 1935 ஆம் ஆண்டின் பிரவுணிங் ஹைபவரை நினையுங்கள். அதன் ரவைக்கூட்டில் 13 ரவைகள் இரட்டை வரிசையில் அடங்கும். 1911 இல் 7 ரவைகள் ஒற்றை வரிசையில்.

சிறிய பிஸ்டல்களுள் வால்தர் பிபிகேயையும் சோவியத் மக்கரோவையும் குழப்பாதவர் இல்லை. ரவைக்கூட்டைக் கழற்றும் காட்சி இருந்தால் கண்ணை அங்கே வையுங்கள். பிபிகேயில் விசைக்குப் பின்னே ஒரு பொத்தானை அழுத்துவார்கள்; மக்கரோவில் கைப்பிடியின் அடிப்பாகத்திலுள்ள பற்றைப் பின்னே தள்ளுவார்கள். தவறுதலாக வெடிக்காமல் தடுக்கும் பாதுகாப்பு லீவரைப் பூட்டுவதற்கு வால்தரில் கீழே இறக்குவார்கள். மக்கரோவில் மேலே ஏற்றுவார்கள். சோவியத் டொக்கரெவ் ரிரி-33 இலும் அதன் சீனப் பிரதியான ரி-54 இலும் வழக்கமாகப் பாதுகாப்பு லீவரே கிடையாது. தட்டையான, மெலிந்த, லீவர் இல்லாத பிஸ்டலைக் கண்டால் முதலில் இவற்றை நினையுங்கள்.

இனி, பெரெட்டா. இதில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். தமிழ்க் குற்றப்படம் ஒன்றைப் பற்றி எழுதிய கட்டுரையில், நாயகனின் துப்பாக்கி பெரெட்டா 92 எஃப் என்று ஐயமின்றி எழுதியிருந்தேன். ஸ்லைட்டின் மேற்பகுதி வெட்டித் திறந்திருந்தது. உள்ளே குழல் நீளமாகத் தெரிந்தது. பெரெட்டாவின் அந்த அடையாளத்தை எவரும் அறிவர். கட்டுரை அச்சில் வந்த பின்னர், பொலிஸில் ஆயுதக் களஞ்சியத்தைப் பார்த்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் கொட்டாஞ்சேனையிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, படத்தைத் திருப்பிப் போட்டு லீவரைப் பாரும். சிலைட்டில இருக்கோ, கீழ பொடியில இருக்கோ?" என்று மட்டும் கேட்டார். பார்த்தேன். லீவர் கீழே, உடற்பகுதியில் இருந்தது.

அந்த ஒரு லீவரின் கதை இது. 1970களின் நடுப்பகுதியில் வந்த முதலாவது பெரெட்டா 92 இல் பாதுகாப்பு லீவர் உடற்பகுதியில்தான் இருந்தது. பின்னர் வந்த வகைகளில் பெரெட்டா அதை ஸ்லைட்டுக்கு மாற்றியது. 1985 ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவம் எம்-9 என்ற பெயரில் ஏற்றுக்கொண்ட வகையும் அப்படிப்பட்டதே. இதற்கிடையில், பிரேசிலில் பெரெட்டா வைத்திருந்த தொழிற்சாலையை 1980 ஆம் ஆண்டில் டோரஸ் நிறுவனம் வாங்கி, முதல் வகையின் அமைப்பிலேயே பிடி-92 ஐத் தயாரித்தது. ஆகவே, திறந்த ஸ்லைட்டும் உடற்பகுதி லீவரும் ஒன்றாகத் தெரிந்தால், முதல் வகைப் பெரெட்டாவா டோரஸா என்று கேட்க வேண்டும். பழைய பெரெட்டாவில் ரவைக்கூட்டை விடுவிக்கும் பொத்தான் கைப்பிடியின் அடியில் இருக்கும். அந்தப் பொத்தான் விசைக்குப் பின்னே இருந்தால், அரிய சில வகைகளைத் தவிர, டோரஸ் என்று எழுதலாம். என் படத்தில் அது விசைக்குப் பின்னேதான் இருந்தது. ஒரு துப்பாக்கியின் முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லக்கூடாது, அதன் கைகால்களை ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே சொல்ல வேண்டும் என்பதை அந்த ஒரு தொலைபேசி அழைப்பில் கற்றேன்.

நீளத் துப்பாக்கிகள்

வளைந்த ரவைக்கூடு கண்ட இடமெல்லாம் "ஏகே-47" என்று எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நம் நாட்டுச் செய்திகளில் வரும் ரி-56, கலாஷ்னிக்கோவ் அமைப்பில் சீனா தயாரித்தது. குழலின் முனையில் நிற்கும் முன்குறி முள்ளைப் பாருங்கள். சோவியத் ஏகேயில் அதன் இரு பக்கத்திலும் காதுகள் போன்ற இரு தகடுகள் எழுந்து, மேலே திறந்திருக்கும். ரி-56 இல் அவை மேலே கூடி முழு வளையமாக முள்ளை மூடியிருக்கும். குழலின் அடியில் மடித்து வைக்கும் கூர்முனை ஈட்டி இருந்தால் ஐயம் மேலும் குறையும். இரும்புப் பிடங்கு அடிப்பக்கமாக மடிந்தால் ரி-56-1. பக்கவாட்டில் மடிந்தால் ரி-56-2. சோதனைச் சாவடியில் நூறு தடவை கண்டும் நான் காணாத வளையம் இதுவே. இலங்கையைக் களமாகக் கொண்டு வேறு நாட்டில் எடுக்கப்படும் படங்களில் இந்த வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். படக்குழு எவ்வளவு அக்கறை எடுத்தது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

குழல் முனை சரிவாகச் சீவியது போலிருந்து, மேல்மூடியில் வரிகள் ஓடினால், 1959 ஆம் ஆண்டின் ஏகேஎம் வழி வந்தது. குழல் முனையில் பெரிய உருளை வடிவத் தடுப்பானும், குறைவாக வளைந்த ரவைக்கூடும் இருந்தால் ஏகே-74.

பிரித்தானியப் படைகளின் ஸ்ரென், ஸ்டேர்லிங் ஆகிய உப இயந்திரத் துப்பாக்கிகளின் ரவைக்கூடு இடப்பக்கமாகக் கிடையாக நீட்டிக்கொண்டிருக்கும். அது நேராக இருந்தால் ஸ்ரென், வளைந்திருந்தால் ஸ்டேர்லிங். ரவைக்கூடு கைப்பிடிக்கு உள்ளேயே நுழைந்தால் இஸ்ரேலின் உசி அல்லது அதைப் போன்றது. பழைய அமெரிக்கத் தாதாப் படங்களின் தொம்சனில், பின்னிழுக்கும் பிடி மேலே இருந்து, முன்னே செங்குத்தான கைப்பிடியும் வட்ட ரவைப்பெட்டியும் இருந்தால் 1921 அல்லது 1928 வகை. அந்தப் பிடி வலப்பக்கத்துக்கு மாறியிருந்தால் இரண்டாம் உலகப் போர்க்கால வகை. அதைக் கையில் வைத்துக்கொண்டு 1920களின் தாதா நடக்க முடியாது. இரட்டைக்குழல் சொட்கன்களில் குழல்கள் பக்கம் பக்கமாகவா, மேலும் கீழுமாகவா என்பதை எழுதினால் பெரும்பாலும் போதும். அதற்கு மேல் பெயர் காண்பது திரையில் அரிது.

படம் சொல்வதும் படம் காட்டுவதும்

கதாபாத்திரம் சொல்லும் பெயரை அப்படியே நம்ப வேண்டாம். 1990 ஆம் ஆண்டில் வெளிவந்த ஹொலிவூட் படம் ஒன்றில், விமான நிலையக் கதிர்ப்படக் கருவிக்குத் தெரியாத, பீங்கானால் செய்த ஜேர்மன் துப்பாக்கி என ஒன்றைப் பற்றி நாயகன் பேசுவான். அப்படியொரு துப்பாக்கி இல்லை. திரையில் இருந்தது ஒஸ்திரியாவின் குளொக் 17. அதன் ஸ்லைட்டும் குழலும் உருக்கு. உபதலைப்பு எழுதுபவர் வசனத்தை வசனமாகவே மொழிபெயர்க்க வேண்டும். குறிப்பு எழுதுபவர் கண்டதை எழுத வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது.

ஒலியையும் நம்ப வேண்டாம். பெரும்பாலான ஒலிகள் பின்னர் சேர்க்கப்படுபவை. குளொக்கை நீட்டும்போது சுத்தியல் நிமிரும் 'க்ளிக்' ஒலி வந்தால், அது ஒலிக்கலைஞர் சேர்த்தது. குளொக்கில் வெளிச்சுத்தியல் இல்லை. ரிவோல்வரில் ஒலிதணிப்பானைப் பூட்டி மெதுவாகச் சுடும் காட்சியும் அத்தகையது. உருளைக்கும் குழலுக்கும் இடையிலுள்ள சிறு இடைவெளியால் வாயு வெளியேறுவதால் ஓசை அடங்காது. உருளை முன்னே நகர்ந்து அந்த இடைவெளியை அடைக்கும் உருசிய நகாந்த் 1895 இதற்கு நன்கறியப்பட்ட விதிவிலக்கு. அதன் உருளையில் 7 அறைகள்.

அடுத்து, கையில் இருந்த பொருள் உண்மையில் என்ன என்ற கேள்வி. படப்பிடிப்பில் வெற்று வேட்டு மட்டும் சுடும் துப்பாக்கி, பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கி, இறப்பரில் வார்த்த போலி ஆகிய யாவும் பயன்படுகின்றன. குழல் வாய்க்குள் சற்று உள்ளே தள்ளி இன்னொரு மெல்லிய குழாய் தெரிந்தால் அது விளையாட்டுத் துப்பாக்கி. கைப்பிடியின் நடுவே வார்ப்புக்கோடு ஓடினாலும் அப்படியே ஐயுறலாம். வேட்டின் தீப்பிழம்பு தெரிந்தும் ஸ்லைட் அசையவில்லை, கோது தெறிக்கவில்லை என்றால், தீப்பிழம்பு கணினியில் சேர்க்கப்பட்டது. ஆனால் இதை முடிவு செய்ய ஒரு சட்டம் போதாது. ஸ்லைட் ஓடித் திரும்புவது இரு சட்டங்களுக்கு இடையிலேயே முடிந்துவிடக்கூடும் என்பதால், ஒரே துப்பாக்கியின் ஐந்தாறு வேட்டுகளையாவது பாருங்கள். ஒரே கதாபாத்திரத்தின் கையில் நெருக்கக் காட்சியில் ஒரு துப்பாக்கியும், ஓடி விழும் காட்சியில் வேறொன்றும் இருப்பது சாதாரணம். எனவே ஒவ்வொரு காட்சியையும் தனியாக இனங்காண வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் போலித் துப்பாக்கியை வாங்கிக் கையில் எடுத்துக்கொண்டு கொழும்புத் தெருவில் நடக்க வேண்டாம். இந்த நாட்டில் துப்பாக்கிகள் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தின் கீழ் வருபவை என்பது ஒருபுறமிருக்க, வீதியில் நிற்கும் பொலிஸ்காரருக்குத் தூரத்திலிருந்து உண்மையும் போலியும் ஒன்றாகவே தெரியும். நமக்கு வேண்டியது நிறுத்திய படமும் ஒரு குறிப்பேடும் மட்டுமே.

குறிப்பு எழுதும் முறை

ஒவ்வொரு காட்சிக்கும் நேரம், கதாபாத்திரம், கண்ட உறுப்புகள், துணிந்த பெயர், துணிவின் அளவு என்ற ஒழுங்கில் எழுதுகிறேன். மேலே சொன்ன படத்துக்கான என் குறிப்பு இப்போது இப்படி இருக்கிறது: "00:41:17. நாயகன், வலக்கை. ஸ்லைட் மேலே திறந்தது. சுத்தியல் உண்டு. லீவர் உடற்பகுதியில். ரவைக்கூட்டுப் பொத்தான் விசைக்குப் பின்னே. டோரஸ் பிடி-92 உருவம். குடும்பம் உறுதி, மாதிரி பெரும்பாலும், படப்பிடிப்பில் இருந்த பொருள் உண்மையானதா போலியா எனச் சொல்ல ஆதாரமில்லை." கண்டதை முதலிலும் பெயரைப் பின்னரும் எழுதுவதுதான் இதில் முக்கியம். பெயரை முதலில் எழுதிவிட்டால், கண் அந்தப் பெயருக்குப் பொருத்தமானவற்றை மட்டுமே தேடும்.

'உருவம்' என்ற சொல்லைக் கவனித்திருப்பீர்கள். போலியும் உண்மையும் ஒரே உருவம் தாங்குவதால், கதைக்குள் இருக்கும் துப்பாக்கி வேறு, படப்பிடிப்பில் இருந்த பொருள் வேறு என்று பிரித்து எழுதுவது நேர்மையானது. குழலின் விட்டத்தை ஒருபோதும் திரையைப் பார்த்து எழுதாதீர்கள். மாதிரி உறுதியானால் மட்டும் அதிலிருந்து வருவித்து எழுதலாம். அந்த மாதிரி கதை நடக்கும் ஆண்டுக்கு முன்னரே வந்ததா என்பதையும் கடைசியில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் தெரியாத இடத்தை வெறுமையாக விடத் தயங்க வேண்டாம். அதே படத்தில் தரகர் ஒருவர் மழைக்குள் கோட்டுப் பையிலிருந்து ஒரு குட்டைக்குழல் ரிவோல்வரை எடுக்கிறார். என் குறிப்பில் "ரிவோல்வர், குட்டைக்குழல், உருளை இடப்பக்கம் திறக்கும்" என்று மட்டுமே எட்டு மாதங்களாக இருந்தது. பெயருக்கான இடம் வெறுமையாகக் கிடந்தது. பின்னர் தெளிவான பிரதி ஒன்று கிடைத்தபோது, அவர் அதை மீண்டும் பைக்குள் வைக்கும் காட்சியில் ஒரேயொரு சட்டம் மங்கலில்லாமல் இருந்தது. குழலுக்கு அடியில் மெல்லிய தண்டு எதிலும் பொருந்தாமல் அந்தரத்தில் நின்றது. அதன் முனையில் ஒரு நீர்த்துளி தொங்கியது. "தண்டின் முன்முனைக்குப் பற்றில்லை" என்று முதலில் எழுதினேன். அதற்கு அடுத்த இடத்தில், "கோல்ட், பழைய டிடெக்டிவ் ஸ்பெஷல் உருவம், பெரும்பாலும்" என்று எழுதினேன்.